போனில் தலை குனிந்த அம்மா

ஜப்பானில் பிறக்காத ஒருவரால் ஜப்பான் பாணியில் அனிமேஷன் படம் எடுக்கவே முடியாது என்று நினைக்கிறவரா நீங்கள்? அப்படியென்றால் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். பள்ளிக்கூடம் விட்டு ஓடி வந்து, முதுகுப் பையைக்கூடக் கழற்றாமல் டிவி முன்னால் உட்கார்ந்து ஒரு தொடர் பார்த்தீர்களே. பெரிய கண்ணுள்ள அந்தப் பெண் மழையில் நின்று திரும்பிப் பார்த்தபோது நீங்களும் டிவியை நோக்கி நகர்ந்து உட்கார்ந்தீர்களே. அந்தத் திரும்பலை வரைந்த கை எந்த ஊர்க் கை?

தெரியாது. தலையின் தொடக்க நிலையையும் முடிவு நிலையையும் ஜப்பானில் ஒருவர் வரைந்து அனுப்பியிருப்பார். நடுவில் கழுத்து திரும்புகிற, முடி பின்தங்கி வருகிற, கண்ணிமை ஒருமுறை மூடித் திறக்கிற அத்தனை படங்களையும் வேறொரு நாட்டில், ஒரு டயர் கடைக்கு மேலிருந்த மாடி அறையில், ஒரு பெண் வரைந்திருக்கலாம். இப்படித்தான் அந்தத் தொழில் பல காலமாக நடந்து வருகிறது.

அப்படி வரைந்தவர்களில் ஒருத்திதான் ரப்பர்.

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் அழகானதுதான். ஆனால் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே அது அடிபட்டுப் போயிற்று. ஒரு கோடு போடுவதற்கு முன்னால் நாலு கோட்டை அழிப்பாள். அவள் மேசையைச் சுற்றி ரப்பர் துகள் மாவு சலித்த மாதிரி கிடக்கும். "கீழ டயர் ரப்பர், மேல இந்த ரப்பர்" என்று வண்ணப் பிரிவிலிருந்த கலரக்கா சொன்னாள். அன்றிலிருந்து அதுவே நிலைத்தது. மாடிக்குப் பார்சல் எடுக்க வருகிறவர்கூட, "ரப்பரம்மா முடிச்சாச்சா?" என்றுதான் கேட்பார்.

அந்த அறையை நினைத்தால் அவளுக்கு முதலில் சூடுதான் ஞாபகம் வரும். ஒவ்வொரு மேசையிலும் ஒரு கண்ணாடிப் பலகை, அதனடியில் விளக்கு. அடுக்கிய தாள்களில் கீழே இருப்பது மேலே தெரிய வேண்டும் என்பதற்காக அப்படி. குளிர்காலத்தில் அதில் உள்ளங்கையை வைத்துச் சூடேற்றிக்கொண்டு பென்சில் பிடிப்பார்கள். வெயில் காலத்தில் வியர்வை சொட்டித் தாள் கெட்டுவிடும் என்று மணிக்கட்டுக்கடியில் துணி மடித்து வைத்துக்கொள்வார்கள். ஜன்னல்களில் பழுப்புத் தாள் ஒட்டியிருந்ததால் பகலா மாலையா என்று தெரியாது. கீழே பார்சல்காரரின் மோட்டார் சைக்கிள் உறுமினால் விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்று அர்த்தம். அந்தச் சத்தம் கேட்டதும் அறையே பரீட்சை மணி அடித்த வகுப்பு மாதிரி ஆகிவிடும்.

இடது கை விரலிடுக்குகளில் தாள்களைச் செருகி, வலது கையால் வரைந்துகொண்டே அவற்றைப் புரட்டிப் புரட்டிப் பார்க்க வேண்டும். புரட்டும்போது படம் அசையும். ரப்பரின் இடது கை விரலோரங்களில் அதனால் காய்ப்பு ஏறியிருந்தது. இன்றைக்கும் போகவில்லை.

இன்னொன்றும் போகவில்லை. அதுதான் இந்தக் கதை.

ஒவ்வொரு மேசையிலும் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி உண்டு. பாத்திரம் அழ வேண்டுமென்றால் முதலில் கண்ணாடியைப் பார்த்து அழுது பார்க்க வேண்டும். தடுக்கி விழ வேண்டுமென்றால் எழுந்து நின்று விழுந்து காட்ட வேண்டும். புதிதாக உள்ளே வருகிறவர்களுக்கு அது பைத்தியக்கார ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். ஒருத்தி பல்லைக் கடிப்பாள், ஒருவன் இல்லாத குடையைப் பிடித்துக்கொண்டு நடப்பான், ஜப்பானிலிருந்து வரும் தொடக்க, முடிவு நிலைப் படங்களைச் சரிபார்க்கும் கேப்டன் மேசைமேல் ஏறி நின்று காற்றில் கத்தி வீசுவார். அந்தக் கதைகளில் வந்தவர்கள் எதற்கெடுத்தாலும் குனிந்தார்கள். நன்றி சொல்லக் குனிந்தார்கள், மன்னிப்புக் கேட்கக் குனிந்தார்கள். போனில் பேசும்போதுகூட, எதிரில் இல்லாத ஆளுக்காகக் குனிந்தார்கள். குனிதல் சாதாரண வேலையில்லை. தொடங்கும்போது மெதுவாக, நடுவில் வேகமாக, முடியும்போது மறுபடி மெதுவாக வர வேண்டும். நெற்றி முடி ஒரு நொடி தாமதித்து விழ வேண்டும். ரப்பருக்கு அது கை வந்த கலை. "குனியுற ஷாட்டா? ரப்பர்கிட்ட தள்ளு" என்பார் கேப்டன்.

வருஷக்கணக்கில் கண்ணாடி முன்னால் குனிந்ததில் உடம்புக்கே அது பழகிப்போனது. கேஸ் சிலிண்டருக்கு போன் செய்தால் குனிவாள். தவறான எண் என்று சொல்லி வைக்கும்போதும் குனிவாள். அவள் அப்பா நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். வாய் சும்மா இருக்காது.

"ஏன் பாப்பா, அந்தக் கேஸ்காரன் அங்கேருந்து உன் உச்சந்தலையையா பாக்குறான்?"

"போங்கப்பா."

"இல்ல, பேன் கீன் இருக்கான்னு பாக்கச் சொல்றியோன்னு கேட்டேன்."

அறையில் எல்லோருக்கும் இந்த வியாதி இருந்தது. கேப்டன் வங்கிக்கு போன் பேசுவதைப் பார்சல்காரர் நடித்துக் காட்டும்போது அறையே வயிற்றைப் பிடித்துக்கொள்ளும்.

பிறகு அந்த வேலை போயிற்று. இதைவிட மலிவாக வரைந்து தர வேறொரு ஊர் கிடைத்துவிட்டது. ஒரு காலைப்பொழுதில் மேசைகளை இறக்கிக் கொண்டுபோனார்கள். "நீங்க நல்ல கைங்க" என்று வேலை கொடுத்தவர்களின் ஆள் விடைபெறும்போது பாராட்டினார். தலையும் மனதும் வேறெங்கோ இருக்கின்றன, இங்கே இருப்பது கை மட்டும்தான் என்று இத்தனை காலம் வேலை வாங்கியதை அவ்வளவு இனிப்பாகச் சொல்ல முடியும் என்று அன்றுதான் ரப்பருக்குத் தெரிந்தது. அவளும் பதிலுக்குக் குனிந்தாள். பழக்க தோஷம்.

கேப்டன் பாடப் புத்தகங்களுக்கு அவரைக்கொட்டை முளைப்பதை வரையப் போனார். கலரக்கா பெயின்ட் கடையில் சுவர் வண்ணம் கலக்கினாள். ரப்பர் மருந்துக் கம்பெனிக்காகக் கண்ணில் சொட்டு மருந்து விடுவது எப்படி என்று வரைந்தாள். அந்தத் துண்டுச் சீட்டில் இருந்த நோயாளிக்குப் பெரிய பெரிய கண்கள். "இவ்ளோ பெரிய கண்ணுன்னா ஒரு பாட்டில் ஒரு வேளைக்குத்தான் வரும்" என்று மேலாளர் திருப்பி அனுப்பினார்.

வருஷங்கள் கழித்துக் கேப்டன்தான் அந்தச் செய்தியைக் கொண்டுவந்தார். ஜப்பான் பாணி அனிமேஷனுக்கு ஒரு போட்டி. எந்த நாட்டவரும் குறும்படம் அனுப்பலாம். வென்ற குழுவுக்கு ஒரு டிவி நிறுவனம் முழுத் தொடரையே தரும். "ஒரு தொடர் வந்தா எல்லாரும் மறுபடி ஒண்ணா உக்காரலாம் ரப்பரு" என்றார். அவர் கண் கலங்கியதை அவள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள்.

டயர் கடைக்காரர் மாடியில் பழைய டயர்களை அடுக்கி வைத்திருந்தார். அவற்றை ஓரமாகத் தள்ளிவிட்டு உட்காரச் சொன்னார். மறுபடி கண்ணாடிப் பலகைகள் வந்தன, முகம் பார்க்கும் கண்ணாடிகள் வந்தன. பெயின்ட் கடைக்கு லீவு போட்டுவிட்டு வந்த கலரக்கா படியேறி மூச்சு வாங்கி, "படிக்கட்டை யாரோ நீட்டிட்டாங்கடி" என்றாள்.

என்ன கதை எடுப்பது என்று பேச்சு வந்தது. கேப்டன் வாள் வைத்திருக்கும் பள்ளிக்கூடப் பெண் ஒருத்தியை வரைந்து வைத்திருந்தார். ரப்பர் தயங்கித் தயங்கிச் சொன்னாள்:

"எங்கம்மா ஒரு போன் பேசுவாங்க. அதை எடுக்கலாமா?"

அவள் அம்மா ஒரு பெரிய சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள். ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகள் வண்டி வண்டியாக அங்கே வரும். நீராவிக் குழாய் ஒன்று பல நாளாக ஒழுகிக்கொண்டிருந்தது. சொல்லியும் யாரும் மாற்றவில்லை. ஒருநாள் அது பீறிட்டு, பக்கத்தில் நின்ற ஒருத்தியின் கை வெந்துபோனது. மறுநாள் காலையில் அம்மா, குடியிருப்பின் படிக்கட்டு வளைவில் இருந்த பொதுப் போனில் மேனேஜரைக் கூப்பிட்டு, குழாயை மாற்றும்வரை ஒரு மெஷினும் ஓடாது என்று சொன்னாள். கூடத்திலிருந்த பெண்கள் எல்லோரும் அவள் பின்னால் நின்றார்கள். குழாய் மாறியது. ரப்பர் அப்போது பள்ளிக்கூடச் சீருடையில், படியில் உட்கார்ந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். அம்மா இறந்து நெடுங்காலம் ஆகிவிட்டது.

கேப்டன் வாளை எடுத்து மேசைக்குள் வைத்துவிட்டார்.

எட்டு நிமிஷப் படம். ஒரு காலைநேரம், ஒரு படிக்கட்டு, ஒரு போன். கற்றுக்கொண்ட வித்தையை எல்லாம் இறக்கினார்கள். குழாயில் ஒரு சொட்டு தண்ணீர் திரண்டு, விழாமல், கனத்துத் தொங்கும். வீட்டு மொட்டை மாடியில் விரிப்புகள் காற்றில் ஊதி எழும். யாரும் பேசாமல் ஒரு சுவர் மட்டும் திரையில் நிற்கும், வெயில் அதன்மேல் நகரும். அம்மாவுக்குப் பெரிய கண்.

"உங்கம்மாவுக்கு இவ்ளோ பெருசாடி கண்ணு?" என்றாள் கலரக்கா.

"கோவம் வந்தா இருக்கும்."

படம் ஏறக்குறைய முடிந்தபோது, போட்டிக்காக முன்கூட்டியே படங்களைப் பார்த்து வடிகட்டுகிற ஆலோசகர் ஒருவர் வந்தார். நம் ஆள்தான், ஜப்பானில் சில வருஷம் இருந்துவிட்டு வந்தவர். டயர்மேல் கைக்குட்டை விரித்து உட்கார்ந்து படத்தைப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா பாருங்க, வெளிநாட்டுல யாரு பண்ணாலும் ஒண்ணு குறையும். அது ரத்தத்துல வரணும்."

கேப்டன் தலையாட்டினார். ஒரு தொடர் கையில் வருமா வராதா என்பது அந்த மனிதரின் நாக்கு நுனியில் இருந்தது.

"ஒரே ஒரு இடம் மட்டும் அசல். அந்தப் பொம்பளை போன் வைக்கிறதுக்கு முன்னாடி குனியுறா பாருங்க, அதான் அசல். அதுல ஆத்மா இருக்கு. அதுக்காகவே முதல் வரிசைல வைக்கலாம்."

ரத்தத்தில் பிராணவாயு ஓடுகிறது, சர்க்கரை ஓடுகிறது. பென்சில் கோடு ஓடுவதாக எந்த வைத்தியரும் கண்டு சொல்லவில்லை. கலை ரத்தத்தில் இருப்பது உண்மையானால் ரத்த வங்கியில் ஓவியப் பள்ளி நடத்தலாமே! ஜப்பானில் இந்த வேலையைத் தொடங்கிய முதல் தலைமுறையே கடல் கடந்து வந்த படச்சுருள்களைப் பார்த்துத்தான் கற்றது. அவர்களைப் பார்த்து "உனக்கு இது வராது, ரத்தம் வேறு" என்று சொல்லி உட்கார வைத்திருந்தால் இன்று ஜப்பான் பாணி என்று பேச ஒன்றுமே இருந்திருக்காது. பிறப்பை வைத்துத் திறமைக்கு வேலி போடுவது உலகத்தின் பழைய மோசடி. அதற்கு இங்கே ஒரு கலைப்பூச்சு, அவ்வளவுதான்.

ஆனால் அன்று அறையில் இருந்தவர்கள் இதையெல்லாம் யோசிக்கவில்லை. சந்தோஷத்தில் இருந்தார்கள். ஆலோசகர் படியிறங்கியதும் கேப்டன் ரப்பரின் தோளைத் தட்டி, "உன் குனிவு நம்மைக் கரை சேத்துடுச்சு" என்றார்.

மறுநாள் மதியம் அவள் லேப்டாப்பை நாற்காலிமேல் வைத்து அப்பாவுக்குப் படத்தைப் போட்டுக் காட்டினாள். அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"அடப்பாவி, மூணாவது படி உடைஞ்சிருக்கே! அதைக்கூட விடலையா நீ?" என்று தொடையைத் தட்டினார். மொட்டை மாடி விரிப்புகளைப் பார்த்து, "இதுக்கு இவ வையுவா பாரு, வீட்லயும் வேலையாடின்னு" என்று சிரித்தார். திரையில் அம்மா போனை எடுத்தாள். அவர் சற்று முன்னால் சாய்ந்தார். அம்மா பேசினாள். பேசி முடித்தாள். மெதுவாகத் தொடங்கி, நடுவில் வேகமாகி, முடிவில் மெதுவாக, நெற்றி முடி ஒரு நொடி தாமதித்து விழ, தலை குனிந்தாள்.

"நிறுத்து" என்றார் அப்பா.

"என்னப்பா?"

"யாரு இது?"

"அம்மாதான்."

"உங்கம்மா எப்ப குனிஞ்சா?"

"அந்த ஸ்டைல்ல அப்படித்தான்ப்பா வரும்" என்றாள்.

"ஸ்டைலுக்கு உங்கம்மா என்ன பண்ணுவா?" அவர் குரல் உயரவில்லை. அதுதான் அவளைச் சுட்டது. "அந்த ஆளுகிட்ட... அவனுக்குப் போயி... அன்னிக்கு இவ குனிஞ்சிருந்தா அந்தக் குழாய் இன்னிக்கும் ஒழுகிக்கிட்டுத்தான் இருக்கும்."

எழுந்து சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தார். ஒரு டம்ளர் குடிக்க அவ்வளவு நேரம் ஆகாது.

ரப்பர் படத்தைப் பின்னுக்கு ஓட்டி ஓட்டிப் பார்த்தாள். எப்படி வந்தது இது? கண்ணாடி முன்னால் போனைக் காதில் வைத்து அம்மாவாக நடித்துப் பார்த்தாள். கண்ணாடியில் தெரிந்ததை வரைந்தாள். கண்ணாடியில் தெரிந்தது அம்மா இல்லை, கேஸ் கம்பெனிக்குக் குனிகிற இவள்! கோபத்தோடு பேசி முடித்த ஒரு பெண்ணை, கடைசி நொடியில் மன்னிப்புக் கேட்க வைத்துவிட்டாள்.

சரி, அம்மா உண்மையில் எப்படி நின்றாள்? கண்ணை மூடி யோசித்தாள். படிக்கட்டு வந்தது, ஷூ கயிறு வந்தது, அம்மாவும் வந்தாள். வந்த அம்மா போனை எடுத்துப் பேசினாள்; பேசி முடித்துக் குனிந்தாள்.

பயந்துபோய்க் கண்ணைத் திறந்தாள். பென்சில் கோடென்றால் அழிக்கலாம். இதை எதைக்கொண்டு அழிப்பது?

சமையலறை வாசலில் போய் நின்றாள். "அப்பா, அம்மா போனை எந்தக் காதுல வெச்சுப்பாங்க?"

"எந்தக் காதுல... இரு." அவர் கையைத் தூக்கினார், இறக்கினார். "சொன்னா வராது பாப்பா. நின்னு பாத்தாத்தான் வரும்."

அடுத்த நாள் காலையில் அந்த ஷாட்டை அழிக்கப்போவதாக அவள் அறிவித்ததும் கேப்டன் பென்சிலைக் கீழே போட்டார்.

"பைத்தியமா உனக்கு? அந்த ஆளுக்குப் படத்துலயே பிடிச்சது அது ஒண்ணுதான்!"

"அது எங்கம்மா இல்ல கேப்டன்."

"பாக்குறவனுக்கு உங்கம்மாவைத் தெரியுமா?"

"எங்கப்பாவுக்குத் தெரியும்."

"உங்கப்பாவா பரிசு குடுக்கப் போறாரு?"

அவள் மேசையிலிருந்து ரப்பரை எடுத்தாள். கேப்டன் விடவில்லை. "அப்போ பெரிய கண்ணை மட்டும் ஏன் வெச்சிருக்க? அதுவும் ஜப்பான்காரங்களுதுதானே? தண்ணி சொட்டாம தொங்குதே, அது யாருது? எல்லாத்தையும் அழிச்சிடு. வெள்ளைத் தாளை அனுப்புவோம்."

நியாயமான கேள்வி. ரப்பர் ரப்பரைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றாள். வண்ணக் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்த கலரக்கா திரும்பாமலே சொன்னாள்:

"கண்ணு வரையறது நாம கத்துக்கிட்டது. உக்காந்து, திட்டு வாங்கி, கத்துக்கிட்டோம். அது நம்மளுது. இந்தக் குனியுறது கத்துக்கிட்டதா? ஒட்டிக்கிட்டது. ஜலதோஷம் மாதிரி. நீ பேங்க்காரனுக்குக் குனியறியே கேப்டன், அதை யாரு உனக்குக் கத்துக்குடுத்தா?"

கேப்டன் முறைத்தார். ஆனால் பென்சிலைக் குனிந்து எடுத்தார்.

அப்போது படியில் மூச்சிரைப்பு கேட்டது. ரப்பரின் அப்பா கைப்பிடியைப் பிடித்து நின்று நின்று ஏறி வந்தார். சலவை செய்த சட்டை போட்டிருந்தார், தலை வாரியிருந்தார். அறையைச் சுற்றிப் பார்த்து, "டயர் எல்லாம் வழுக்கையா இருக்கே, இதையா விக்கிறான்?" என்றார்.

"அப்பா, உக்காருங்க."

"உக்கார வரல. போன் எங்க?"

கலரக்கா ஸ்டேப்ளரை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை எடை பார்த்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றார். நின்றவர் அசையவில்லை. வாழ்நாளெல்லாம் ஒரு பேருந்துக் கூட்டத்தையே அதட்டி ஓட்டியவருக்கு வெட்கம் வந்துவிட்டது.

"எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்க. இப்படிப் பாத்தா எனக்கு வராது."

"திரும்பிக்கிட்டா எப்படிப்பா வரையறது?" என்றாள் ரப்பர்.

அவர் மேசைகளைப் பார்த்தார். "ஆளுக்கொரு கண்ணாடி வெச்சிருக்கீங்கல்ல? அதுல பாருங்க."

எல்லோரும் அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு கண்ணாடியைத் திருப்பிச் சரிசெய்தார்கள். ஒவ்வொரு சின்னக் கண்ணாடியிலும் சுவரோரம் ஒரு கிழவர் ஸ்டேப்ளரோடு நின்றார்.

அவர் ஒரு காலைத் தூக்கிக் கிடந்த டயர்மேல் வைத்தார். அந்த டயர்தான் உடைந்த மூன்றாம் படிக்கு மேலே உள்ள படி. வலது உள்ளங்கையைத் தலைக்கு மேலே உயர்த்திச் சுவரில் அழுத்தினார், சுவர் விழாமல் தாங்குகிற மாதிரி. ஸ்டேப்ளர் இடது காதுக்குப் போனது. "மெஷின் சத்தத்துல வலது காது மந்தம் அவளுக்கு" என்றார் யாருக்கோ சொல்வதுபோல. பிறகு முகவாய் மேலே போனது. எதிர்முனை ஆள் கத்துகிறான் போலிருக்கிறது. அவர் கூரை மூலையைப் பார்த்துக்கொண்டு, பேருந்துக்குக் காத்திருக்கிறவரைப்போலப் பொறுமையாக நின்றார். உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது. அது அவருடைய சிரிப்பு இல்லை.

அப்புறம் அவர் ஸ்டேப்ளரைக் காதிலிருந்து எடுத்து, கீழே, படியில் உட்கார்ந்திருக்கும் ஒரு குழந்தையின் உயரத்துக்கு நீட்டினார்.

ரப்பருக்கு ஞாபகம் வந்துவிட்டது.

அம்மா ரிசீவரை அவள் காதருகே நீட்டினாள்! உள்ளே மேனேஜரின் குரல் டப்பாவுக்குள் அடைபட்ட கொசு மாதிரிக் கத்திக்கொண்டிருந்தது. அம்மா கண்ணடித்தாள். இவள் கட்டிக்கொண்டிருந்த ஷூ கயிற்றை விட்டுவிட்டுச் சிரித்தாள். இத்தனை நாள் இது எங்கே போயிருந்தது?

கண்ணாடியில் அப்பா ரிசீவரை மெல்ல, குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோல, அதன் இடத்தில் வைத்தார்.

"டொக்குனு வைக்க மாட்டா" என்றார். "பொதுப் போனு, உடைஞ்சா நாளைக்கு யாரு பேசறதும்பா."

கேப்டன்தான் முதலில் மூக்கை உறிஞ்சினார். அவர் முன்னாலிருந்த தாளில் அந்தக் கை, அந்தச் சுவர், அந்த முகவாய் வந்திருந்தன. "அப்பா" என்றார், "இன்னொரு தடவை பண்ணுங்க. அந்தக் கையை நீட்டுனீங்களே, அங்கேருந்து."

அப்பாவுக்கு இப்போது வெட்கம் போய்விட்டது. திரும்பத் திரும்பச் செய்தார். கடைசியில் சொந்தமாக வசனமும் சேர்த்து, மேனேஜரை அவர் ஓட்டிய பேருந்தில் ஏற்றி நடுவழியில் இறக்கிவிட்டார். "ஓவரா போறீங்கப்பா" என்று கலரக்கா அதட்ட வேண்டியிருந்தது.

புது ஷாட்டோடு படம் போட்டிக்குப் போயிற்று. ஆலோசகர் போனில் கூப்பிட்டு, "இருந்த ஒரே அசலையும் எடுத்துட்டீங்களே" என்று வருத்தப்பட்டார். ரப்பர்தான் பேசினாள். பேசி முடித்தபோது தன் முகவாய் எங்கே இருக்கிறது என்று கண்ணாடியில் பார்த்தாள். பாதி குனிந்திருந்தது. மறுபடி நிமிர்த்திக்கொண்டாள். அதெல்லாம் ஒரே நாளில் போகாது.

பரிசு கிடைக்கவில்லை. தொடர் வேறு யாருக்கோ போயிற்று. கேப்டன் அவரைக்கொட்டைக்கும், கலரக்கா பெயின்ட் கடைக்கும் திரும்பினார்கள். டயர்கள் மறுபடி அறையின் நடுவுக்கு வந்தன. இது அநியாயம்தான், இதற்கு இனிப்புத் தடவிச் சொல்ல ஒன்றுமில்லை. அந்த டிவி நிறுவனம் தோற்ற படங்களில் சிலவற்றை மட்டும் ஒரு மதிய நேரத்தில் இடைவெளி நிரப்பப் போட்டது. மறுநாள் பெயின்ட் கடைக்கு வந்த ஒரு கல்லூரி மாணவி, படிக்கட்டில் போன் பேசுகிற ஒரு பெண்ணைப் பற்றித் தோழியிடம் சொல்லிக்கொண்டிருந்தாளாம். "ஜப்பான் படம்டி. ஆனா டப்பிங் அவ்ளோ சுத்தம், நம்ம ஆளுங்க பேசற மாதிரியே இருந்துச்சு" என்றாளாம். கலரக்கா மஞ்சளில் நீலத்தைக் கொட்டிவிட்டுச் சிரித்தாள்.

டிவியில் வந்த அன்று மதியம் வீட்டில் அப்பாவும் படத்தைப் பார்த்தார். அம்மா ரிசீவரை நீட்டியபோது, "சத்தத்தைக் கொஞ்சம் கூட்டு பாப்பா, அவன் என்ன கத்தறான்னு கேப்போம்" என்றார்.

அப்பாவும் இப்போது இல்லை. ரப்பர் அந்தப் படத்தை எப்போதாவது போட்டுப் பார்ப்பாள். அப்படி ஒருநாள் பார்க்கும்போதுதான் ஒன்றைக் கவனித்தாள். படிமேல் தூக்கி வைத்த அம்மாவின் முழங்கால் லேசாக நடுங்குகிறது. அம்மாவுக்கு முழங்கால் நடுக்கம் கிடையாது. அப்போது அவள் இளம்பெண். அது டயர்மேல் காலைத் தூக்கி வைத்து நின்ற கிழவரின் முழங்கால். கண்ணாடியில் தெரிந்ததை வரைகிற பழக்கத்தில் கேப்டனும் வரைந்துவிட்டார், இவளும் இடைப்படங்களை வரைந்துவிட்டாள். ஒருவருக்கும் தெரியவில்லை.

தவறுதான். திருத்துவதற்கு அரை நாள் வேலைகூட இல்லை. ஒரு கோட்டுக்கு நாலு கோட்டை அழிக்கிறவள், அதை அழிக்கவில்லை.

இதைப் படித்துக்கொண்டிருக்கும் நீங்கள் ஒரு காரியம் செய்யுங்கள். இன்றைக்கு உங்கள் வீட்டில் யாராவது போனில் பேசும்போது, எந்தக் காதில் வைக்கிறார்கள், எந்தக் காலில் நிற்கிறார்கள், சும்மா இருக்கிற கை எதைப் பிடிக்கிறது என்று பாருங்கள். பார்த்ததை ஒரு தாளில் வரையுங்கள். வரைய வராது என்று சாக்குச் சொல்லாதீர்கள்; அது யாருக்கும் ரத்தத்தில் வருவதில்லை. கோணலாக வந்தால் வரட்டும். ஆனால் அவர்கள் எதிரில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போதே வரையுங்கள்.